டிரம்மரின் கையெழுத்து

1

என் மகள் கயலின் பள்ளியிலிருந்து போன மாதம் ஒரு படிவம் வந்தது. பதினேழு வருடமாக இந்த நாட்டில் படிவம் நிரப்பியே காலத்தை ஓட்டியிருக்கிறேன். விசாவுக்கு, வீட்டுக்கு, பல் வைத்தியத்துக்கு, பள்ளிச் சுற்றுலாவில் பிள்ளையைத் தேனீ கொட்டினால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதற்கு. குடும்பப் பெயர் என்று கேட்ட இடத்தில் தெரியாத்தனமாக அப்பா பெயரை எழுதினேன். அதனால் செக்கானூரணிப் பக்கம் வயலில் மடை திறந்துகொண்டிருந்த பெரியகருப்பனின் பெயரைத்தான் இன்று மாசசூசெட்ஸ் ஆசிரியைகள் நாக்கு சுளுக்க என் மகளின் பெயராகச் சொல்கிறார்கள். இதற்கெல்லாம் அசராத நான், இந்த ஒரு பக்கப் படிவத்தை இரண்டு வாரம் மேசை இழுப்பறையில் ஒளித்து வைத்திருந்தேன்.

விஷயம் இதுதான். கயலுக்குப் பதினைந்து வயது. பள்ளி இசைக்குழுவில் டிரம்ஸ் வாசிக்கிறாள். ஏதாவது ஓர் இசைவகை எப்படிப் பிறந்தது, எப்படி ஒலிக்கும் என்று வகுப்பில் விளக்க வேண்டும். அவள் எடுத்துக்கொண்டது மெட்டல்கோர். என் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் குடைந்து, மதுரையில் நாங்கள் மூன்று பேர் பதிவு செய்த நான்கு நிமிடப் பாட்டைத் தோண்டி எடுத்துவிட்டாள். அதை வகுப்பில் ஒலிக்கவிட ஆசை. வகுப்பை வீடியோ எடுத்துப் பள்ளியின் தளத்தில் போடுவார்கள் என்பதால், வாசித்தவர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

மூன்று கோடுகள் இருந்தன. கிதார், நான். குரலும் பேஸ் கிதாரும், பசுமலை சாமுவேல். இப்போது துபாயில் இருக்கிறான், அரை மணி நேரத்தில் கையெழுத்தைப் படம் எடுத்து அனுப்பிவிட்டான். டிரம்ஸ் என்ற கோடு காலியாக இருந்தது. அந்த ஆளை நான் பதினெட்டு வருடமாகக் கூப்பிட்டதில்லை. அவன் பெயரைக்கூட என் மகளிடம் சொன்னதில்லை.

2

இந்த இசையை ஊரில் பலர் கேட்டிருக்க மாட்டீர்கள். கேட்டிருந்தால், தகரக் கொட்டகை சரிகிற சத்தம் என்று நினைத்து அணைத்திருப்பீர்கள். எனவே கயல் எழுதி வைத்திருந்த குறிப்பிலிருந்தே கொஞ்சம் சொல்கிறேன்.

எண்பதுகளில் அமெரிக்காவின் இந்த வடகிழக்கு மூலையில் இரண்டு கூட்டம் இருந்தது. ஒன்று மெட்டல்காரர்கள். நீளமுடி, நீளமான பாட்டு, விரல் பறக்கிற கிதார். இன்னொன்று ஹார்ட்கோர் பங்க் பையன்கள். மொட்டைத்தலை, ஒன்றரை நிமிடப் பாட்டு, மூன்றே ஸ்வரக்கட்டு, மீதியெல்லாம் கோபம். ஒருவரை ஒருவர் பிடிக்காது. ஒரே அறையில் நின்றால் அடிதடி. ஆனால் இரண்டு பேருக்கும் வாடகைக்குக் கிடைத்தது ஒரே மாதிரியான மலிவான கூடங்கள்தான். அந்தக் கூடங்களில் இவன் அவன் கிதாரைக் கேட்டான், அவன் இவன் ஆத்திரத்தைக் கேட்டான். மெட்டலின் கனமும் பங்கின் வேகமும் ஒரே பாட்டுக்குள் வந்தன. யார் முதலில் செய்தது என்று இன்றைக்கும் சண்டை போடுகிறார்கள். பின்னால் வந்தவர்கள் அலறலுக்கு நடுவே மெட்டோடு பாடுவதையும் சேர்த்தார்கள்.

இதன் உயிர் இருப்பது பிரேக்டவுன் என்கிற இடத்தில். தலைதெறிக்க ஓடுகிற பாட்டு சட்டென்று பாதி வேகத்துக்கு விழும். கிதார்காரன் உள்ளங்கை ஓரத்தால் தந்தியை அமுக்கிக்கொண்டு மந்தமாக வெட்டுவான். டிரம்மரின் இரண்டு கால்களும் அதே வெட்டில் இறங்கும். தனித்தனியாக ஓடிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரே அடி அடிப்பார்கள். அந்த நேரம் கூட்டம் நடுவில் விலகி வட்டம் போடும், அந்த வட்டத்துக்குள் ஒருவரை ஒருவர் மோதி ஆடுவார்கள்.

படிவம் வருவதற்கு முந்தைய சனிக்கிழமை மதியம் அப்படி ஒரு கூடத்துக்குக் கயலை அழைத்துப் போனேன். மூடிக்கிடக்கிற பஞ்சாலை ஒன்றின் எதிரே, ஓய்வுபெற்ற ராணுவக்காரர்கள் சீட்டாடுகிற கூடம். மதுரையில் இருந்தபோது இந்த ஊர்களின் பெயர்களை எல்லாம் காசி ராமேஸ்வரம் மாதிரி சொல்லித் திரிந்தவன் நான். வந்து பார்த்தால், மதுரைப் பக்கம் கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் பாதிக் கம்பெனியைப் பூட்டினால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. காதில் பஞ்சை வைத்துக்கொண்டு கடைசி நாற்காலியில் உட்கார்ந்தேன்.

பிரேக்டவுன் வந்தது. வட்டத்துக்குள் ஒரு பையன் வழுக்கி விழுந்தான். மிதித்துவிடுவார்கள் என்று நான் எழுந்தே விட்டேன். ஆனால் அதுவரை முட்டி மோதியவர்கள் அத்தனை பேரும் நின்று, நாலாபக்கமும் கை நீட்டி அவனைத் தூக்கி நிறுத்தினார்கள். அதில் ஒரு கை கயலுடையது. இந்த ஆட்டத்தில் எழுதி வைக்காத விதி அது. விழுந்தவனைத் தூக்காமல் யாரும் அடுத்த அடி எடுத்து வைக்கக் கூடாது. கயலுக்கு அதைச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

3

எங்கள் குழுவின் பெயர் பவர் பிரஸ். தகரத்தை ஓங்கி அழுத்தி வெட்டுகிற மிஷினின் பெயர் அது. கப்பலூரில் தகர மூடி அடிக்கிற ஒரு சின்னக் கம்பெனியில் ஞாயிற்றுக்கிழமை மிஷின் ஓடாது. அங்கே பிரஸ் ஆபரேட்டராக இருந்தான் மகேந்திரன். முதலாளி நல்ல மனிதர். கரண்ட் பில் கூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்லிச் சாவியைக் கொடுத்தார். நானும் சாமுவேலும் இன்ஜினியரிங் மாணவர்கள். பெரியார் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் பாட்டுகளை சிடியில் ஏற்றிக்கொண்டு வருவோம். மகேந்திரன் ஐடிஐ படித்தவன். ஆங்கிலப் பாட்டில் ஒரு வரி புரியாது, அதைப் பற்றி அவனுக்குக் கவலையும் கிடையாது. ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான முறை இறங்குகிற பிரஸ்ஸுக்கு அடியில் கை வைத்து எடுக்கிறவனுக்குத் தாளம் தப்பாது. தப்பினால் விரல் போய்விடும்.

இந்த இசைக்கு இரண்டு காலாலும் பேஸ் டிரம்மை உதைக்க வேண்டும். அதற்கான இரட்டைப் பெடல் அன்றைக்கு மதுரையில் யாரிடமும் இல்லை. மகேந்திரன் அவனியாபுரத்தில் ஒரு வெல்டிங் பட்டறையில் உட்கார்ந்து, மொபெட் செயினும் பழைய பேரிங்கும் கதவு ஸ்பிரிங்கும் வைத்து அவனே ஒன்றைச் செய்தான். பார்க்க எலிப்பொறி மாதிரி இருக்கும். ஆனால் அவன் உதைத்தால் ஷெட்டில் அடுக்கியிருந்த மூடிகள் எல்லாம் சேர்ந்து அதிரும்.

நானும் மகேந்திரனும் ஒருவரை ஒருவர் மாப்ள என்றுதான் கூப்பிட்டுக்கொண்டோம். மதுரையில் யாரை அப்படிக் கூப்பிடவில்லை! ஆனால் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே அந்த உறவு ஒருநாளும் நிஜமாக முடியாது என்பது இரண்டு பேருக்குமே தெரியும். என் வீடு நிலம் வைத்திருந்த வீடு. அவன் வீட்டார் எங்கள் பக்கத்து ஊரில் அப்படிப்பட்டவர்களின் நிலத்தில் கூலிக்கு நின்றவர்கள். மெட்டல்காரனும் பங்க் பையனும் ஒரே அறையில் நின்ற கதையை நான் அவனுக்கு வாய் வலிக்கச் சொல்வேன். அதே வேலையைத்தான் நாமும் செய்கிறோம் என்று எனக்குள் ஒரு பெருமை இருந்தது. அந்தப் பெருமையை இன்று நினைத்தால் கூசுகிறது.

ஒரு ஞாயிறு நான் தந்தி மாற்றிக்கொண்டிருந்தபோது, மகேந்திரன் சும்மா உட்காராமல் ஒரு தாளத்தைத் தட்டினான். எனக்குச் சிலிர்த்துவிட்டது. எங்கள் ஊர்ப் பக்கம் எழவு வீட்டில் பாடை எடுக்கும்போது அடிக்கிற கொட்டு அது. ஆளை அப்படியே நிறுத்திவைக்கிற அடி. இதைப் பிரேக்டவுனில் வை, உலகத்தில் எவனும் இப்படிச் செய்திருக்க மாட்டான் என்று குதித்தேன். அவன் குச்சியைக் கீழே வைத்துவிட்டான்.

அவன் அப்பா எங்கள் பக்கத்து ஊரில் எழவுக்குக் கொட்டடித்தவர். விருப்பப்பட்டு அல்ல. நிலக்காரர் வீட்டில் சாவு விழுந்தால் போய்த்தான் ஆக வேண்டும். ஒருமுறை, சொந்த மகளுக்கு அம்மை போட்டிருந்த நேரம், வர முடியாது என்று சொல்லிவிட்டார். அதற்கப்புறம் அந்த ஊரில் யாரும் அவருக்கு வேலை கொடுக்கவில்லை. கொட்டுப் பறையை உடைத்துப் போட்டுவிட்டு, பெண்டாட்டி பிள்ளைகளோடு அவனியாபுரத்துக்கு வந்து, லாரி பாடி கட்டுகிற இடத்தில் சுமை தூக்கினார். மகன் டிரம்ஸ் வாசிக்கிறான் என்று தெரிந்ததும் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதானாம். இது எழவுக்குப் போகிற வாத்தியம் இல்லையே? இல்லை, காலேஜில் வாசிக்கிறது என்று சொன்ன பிறகுதான் வீட்டுக்குள் குச்சியையே விட்டார்.

இதையெல்லாம் அவன் சொன்ன பிறகும் நான் விடவில்லை. நாலு வாரம் நச்சரித்தேன். கடைசியில் ஒத்துக்கொண்டான்.

"அடிக்கிறேன் மாப்ள. ஆனா அது எங்கருந்து வந்துச்சுன்னு யார்ட்டயும் சொல்லக் கூடாது. நீ கேட்ட, நான் அடிக்கிறேன். அம்புட்டுதான்."

சத்தியமாகச் சொல்ல மாட்டேன் என்றேன். அன்றைக்கே சாமுவேலின் எம்பி3 பிளேயரில் பாட்டைப் பதிவு செய்தோம். கயல் தோண்டி எடுத்தது அதைத்தான்.

4

பசுமலையில் கல்லூரிகளுக்கு இடையிலான இசைப் போட்டி. எங்களுக்கு முன்னால் பாடியவர்கள் எல்லோரும் சினிமாப் பாட்டு. நாங்கள் ஏறியதும் பாதிக் கூட்டம் டீ குடிக்கப் போய்விட்டது. இருந்தவர்களைப் பிடித்துவைக்க என்ன செய்யலாம் என்று என் மூளை வேலை செய்தது. கூட்டத்தில் பின்வரிசை நாற்காலியில் வெள்ளைச் சட்டை போட்டு, கையைத் தொடை மேல் வைத்துக்கொண்டு, மகேந்திரனின் அப்பா உட்கார்ந்திருந்தார். மகன் மேடையில் வாசிப்பதைப் பார்க்க வந்திருந்தார். அவர் வந்திருப்பது எனக்குத் தெரியும். நானேதான் அவருக்கு நாற்காலி பார்த்துக் கொடுத்தேன்.

கடைசிப் பாட்டுக்கு முன்னால் மைக்கைப் பிடித்தேன். என்ன சொன்னேன் என்று ஒரு வார்த்தை விடாமல் இன்றும் நினைவிருக்கிறது.

"இந்தப் பாட்டோட கடைசில வர்ற அடி அமெரிக்காவுல கெடையாது. இது நம்ம மண்ணோட எழவு வீட்டு அடி. நம்ம டிரம்மரோட அப்பா எங்க பக்கத்து ஊர்ல அடிச்ச அடி. இந்தா பின்னாடிதான் உக்காந்துருக்காரு, எல்லாரும் ஒரு கை தட்டுங்க."

பாராட்டுவதாகத்தான் நினைத்தேன். அதுதான் இதில் மோசம். கூட்டம் திரும்பிப் பார்த்தது. கை தட்டினார்கள். யாரோ விசில் அடித்து, நாற்காலியைத் தட்டிக் கொட்டுக்காரர் மாதிரி ஆடிக் காட்டினார்கள்.  அவர் எழுந்து, வேட்டியைச் சரி செய்துகொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே போனார்.

மகேந்திரன் அதைப் பார்த்தான். பாட்டை ஆரம்பித்தான். ஓர் அடி பிசகாமல் மூன்று நிமிடம் வாசித்தான். பிரேக்டவுன் வரவேண்டிய இடத்தில் இரண்டு குச்சியையும் டிரம்மின் மேல் சேர்த்து வைத்துவிட்டு எழுந்து போனான். நான் கிதாரை நிறுத்தவில்லை. டிரம்ஸ் இல்லாமல் மீதிப் பாட்டை வாசித்து முடித்தேன். பெடலைக்கூட அவன் எடுத்துக்கொண்டு போகவில்லை.

இன்று பறையை மேடையில் ஏற்றிப் பெருமையோடு அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். பார்க்கவே கம்பீரமாக இருக்கிறது. அது அவர்களாக எடுத்த முடிவு. மகேந்திரனின் அப்பா பறையை உடைத்ததும் அவராக எடுத்த முடிவுதான். அதில் கை வைக்க நான் யார்? அடுத்த ஏழெட்டு மாதத்தில் விசா வந்தது. அவனியாபுரம் வழியாகத்தான் ஏர்போர்ட்டுக்குப் போனேன். அவன் தெரு திரும்புகிற இடத்தில் கார் கொஞ்ச நேரம் நின்றது. ஷேர் ஆட்டோ ஒன்று வழிமறித்திருந்தது. நான் இறங்கவில்லை.

கயல் விடாமல் கேட்டதால் இதை முழுக்கச் சொன்னேன். என் தமிழ் அவளுக்குப் பாதி புரியாது. எழவு என்றால் என்ன, கொட்டு என்றால் என்ன, ஏன் ஓர் ஆள் வாசிப்பதற்கும் இன்னோர் ஆள் நிலம் வைத்திருப்பதற்கும் சம்பந்தம் என்று ஒவ்வொன்றாக நிறுத்தி நிறுத்திக் கேட்டாள்.  சொல்லி முடித்ததும் தன் உடைந்த தமிழில் ஒன்று கேட்டாள்.

"விழுந்தா எல்லாரும் நிக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க அப்பா? நீங்க ஏன் நிக்கலை?"

அவள் என்னிடமிருந்து விலகிப் போகிறாள், தமிழ் பேச மாட்டேன் என்கிறாள், கதவைச் சாத்திக்கொள்கிறாள் என்று நண்பர்களிடமெல்லாம் புலம்பியவன் நான். அன்றைக்கு அவளுக்கு என்னிடம் பேச விருப்பம் இருந்தது. நான்தான் படிவத்தை மறுபடி இழுப்பறைக்குள் தள்ளினேன்.

5

சாமுவேலிடம் நம்பர் வாங்கிச் சனிக்கிழமை காலையில் கூப்பிட்டேன். மதுரையில் அப்போது சாயங்காலம். எடுத்ததும் கிரைண்டர் சத்தம் கேட்டது. கப்பலூரில் சொந்தமாக ஒரு ஷெட் போட்டிருக்கிறானாம்.

சரவணன் பேசுகிறேன் என்றதும், எந்தச் சரவணன் என்று கேட்டான். கிதார் சரவணன் என்றேன். கிரைண்டரை நிறுத்தச் சொல்லும் குரல் கேட்டது. கயலைப் பற்றியும் படிவத்தைப் பற்றியும் மூச்சு விடாமல் சொன்னேன். இதுக்குத்தான் கூப்பிட்டியா என்றான். இல்லை, அன்றைக்கு மைக்கில் பேசியதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றேன். சொல்லக் கூடாது என்று நீ கேட்டுக்கொண்டாய், சத்தியம் செய்துவிட்டுச் சொன்னேன் என்றேன். 

"என்னைய விடு. நான் மேடையில இருந்தேன், பிடிக்கல, எந்திரிச்சு வந்துட்டேன். எங்கப்பா நாற்காலில உக்காந்துருந்தாரு. அவரு பாட்டுக்கு உக்காந்துருந்த மனுசன எந்திரிக்க வச்சது யாரு? இம்புட்டு வருசத்துல அத யோசிச்சியா நீ?"

யோசித்ததில்லை. அவன் என்னைவிட்டுப் போனதை மட்டும்தான் அத்தனை வருடமும் நினைத்து வருந்தியிருக்கிறேன். அதையும் அவனிடம் அப்படியே சொன்னேன்.

அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்க வாயெடுக்கும்முன் அவனே சொன்னான். போன தை மாதம் தவறிவிட்டார். தன் சாவுக்குக் கொட்டு வைக்கக் கூடாது என்று முன்னாலேயே சொல்லி வைத்திருந்தாராம். சத்தமில்லாமல் தூக்கிக்கொண்டு போனோம், தெருவே ஒரு மாதிரியாகப் பார்த்தது என்றான். நான் அழுதேன். அவன் அழவும் இல்லை, என்னை நிறுத்தச் சொல்லவும் இல்லை.

பிறகு, மகள் வாசிப்பது டபுள் பெடலா என்று கேட்டான். ஆமாம் என்றேன். வாங்கியதா, செய்ததா? வாங்கியது. ம் என்றான். அந்த ஒரு எழுத்தில் கொஞ்சம் ஏளனம் இருந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது. போனைக் கயலிடம் கொடுத்தேன். உங்களை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று அவள் தயங்கினாள். பேரைச் சொல்லியே கூப்பிடு, டிரம்மருக்குப் பேர்தான் வேண்டும் என்று அவன் சொன்னது ஸ்பீக்கரில் கேட்டது. இரண்டு பேரும் பத்து நிமிடம் கால் வேகத்தைப் பற்றியும் ஸ்பிரிங்கைப் பற்றியும் பேசினார்கள். அவன் தமிழும் இவள் ஆங்கிலமும் எப்படியோ ஒத்துப்போனது. போன் என்னிடம் திரும்பி வந்தபோது அவன் முடிவு செய்திருந்தான்.

"கையெழுத்துப் போடுறேன். என் பேரு போடு, கப்பலூர்னு போடு. கடைசில வர்ற அந்த அடிய மட்டும் வெட்டிரு. அது எங்கப்பாவுது. அதுக்கு நான் கையெழுத்துப் போட முடியாது."

நான் இரண்டு முறை மாப்ள என்றேன். அவன் ஒருமுறைகூடத் திருப்பிச் சொல்லவில்லை. மறுநாள் படிவத்தின் படம் வந்தது. ஓரத்தில் கிரீஸ் விரல் பதிந்திருந்தது. டிரம்ஸ் என்ற கோட்டுக்கு மேல் கையெழுத்து, அதற்குக் கீழே தமிழில் ஒரு வரி: பெடலும் நான் செய்தது.

6

கயலின் வகுப்பைப் பெற்றோர் வந்து பார்க்கலாம் என்று பள்ளியில் அழைத்திருந்தார்கள். அரை நாள் விடுப்பு போட்டுவிட்டுப் போனேன்.

கயல் நன்றாகப் பேசினாள். இரண்டு கூட்டம், ஒரே கூடம், உள்ளங்கை வெட்டு, பாதி வேகம். இந்த இசை பிறந்த ஊர்களின் வரிசையில் கப்பலூரையும் ஒரு வரைபடத்தில் புள்ளி வைத்துக் காட்டினாள். திரையில் மகேந்திரன் என்ற பெயர் முதலில் இருந்தது, என் பெயர் மூன்றாவதாக. பிறகு பாட்டைப் போட்டாள். தகர மூடிகள் அதிர்கிற சத்தம்கூடத் தெளிவாகக் கேட்டது. சாமுவேல் அலறினான், நான் வெட்டினேன், மகேந்திரன் எங்கள் இரண்டு பேரையும் தூக்கிக்கொண்டு ஓடினான். மூன்று நிமிடம் முடிந்து, பாட்டு பாதி வேகத்துக்கு விழ வேண்டிய இடம் வந்தது. அங்கே நின்றது.

 ஏன் பாதியில் நிற்கிறது, பதிவு கெட்டுவிட்டதா என்று முன்வரிசையில் ஒரு பெண் கேட்டாள்.

இல்லை என்றாள் கயல். இதற்குப் பிறகு வருவது டிரம்மருடைய அப்பாவுக்குச் சொந்தம். அவரிடம் யாரும் கேட்கவில்லை. இப்போது கேட்கவும் முடியாது. அதனால் நாம் இங்கே நிற்கிறோம்.

ஆசிரியை தலையசைத்தார். யாரும் சிரிக்கவில்லை, விசில் அடிக்கவில்லை. எனக்கு மறைந்துகொள்ள ஓர் இடம் வேண்டும் போல இருந்தது. அந்தப் பாட்டை நிறுத்தாமல் வாசித்த ஆள் இவர்தான் என்று கயல் என் பக்கம் கையைக் காட்டியிருக்கலாம். அவள் காட்டவில்லை. நான் பின்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். என்னை யாரும் எழுந்து போக வைக்கவில்லை.